பதினோரு ஆண்டுகளாக நின்றுபோன புல்லட்டை வீட்டிலேயே ஓடவைக்க முடியுமா?

வாசகர் கேள்வி: என் தந்தையார் 1983-இல் புதிதாக வாங்கிய 350 சிசி என்ஃபீல்டு புல்லட், அவர் மறைந்த பிறகு பதினோரு ஆண்டுகளாக எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் இறங்க மறுக்கிறது. பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு தெரிகிறது. பதிவுப் புத்தகம் அப்பா பெயரிலேயே, காலாவதியாகிக் கிடக்கிறது. பக்கத்து ஊர் மெக்கானிக் வண்டியை முழுவதும் பிரித்து, பெயின்ட்டும் குரோமும் புதிதாக அடித்து, வேறொரு வண்டியின் என்ஜினைப் பொருத்தி, கியரை இடது காலுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். விடுமுறை நாட்களில் நானே செய்ய விரும்புகிறேன். இது நடக்கக் கூடியதா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் பெரும்பகுதியை வீட்டிலேயே, பொறுமையாக, பாதுகாப்பாகச் செய்ய முடியும். ஆனால் மெக்கானிக் சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். அவர் பிரிப்பதில் தொடங்கி ஓட்டுவதில் முடிக்கச் சொல்கிறார். நான் முதலில் ஓடவைக்கச் சொல்வேன். ஓடும்போது வண்டி எந்த இடத்தில் குறையைக் காட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் பிரியுங்கள். பெயின்ட்டைப் பற்றி எல்லாம் முடிந்த பிறகு யோசியுங்கள். முழுவதும் பிரித்த நிலையில் சாக்குப் பைகளிலும் பெயின்ட் டப்பாக்களிலும் பாகங்களாகவே தங்கிவிட்ட புல்லட்டுகள் நம் ஊர்க் கொட்டகைகளில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை பிரிக்கப்பட்ட அன்று, இருந்த இடத்திலேயே சரிசெய்யக் கூடிய நிலையில்தான் இருந்தன.

நீங்கள் கையில் எடுத்திருப்பது இந்த முயற்சிக்கு மிகவும் ஏற்ற வண்டி. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவாகிவந்த அந்த 346 சிசி என்ஜின், அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டின் உற்பத்தி 1970-இல் நின்றுபோன பிறகும் இங்கே அது தொடர்ந்தது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஆறரைக்கு ஒன்று என்ற குறைந்த அழுத்த விகிதம், வார்ப்பிரும்பு சிலிண்டர் என்று நிதானமாக உழைக்கவே வடிவமைக்கப்பட்ட இயந்திரம் அது. சட்டத்திலிருந்து என்ஜினை இறக்காமலேயே ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) சிலிண்டரையும் கழற்றிப் பார்த்துவிடலாம். தேய்ந்த பாகங்களுக்கு மாற்று இன்றும் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கிறது. பழைய பாகமே வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் தேடலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தாள்களைச் சரிபாருங்கள். எவ்வளவு செலவு செய்து ஓடவைத்தாலும், உங்கள் பெயரில் பதிவில்லாத வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளோ கம்பிப் பிரஷ்ஷோ அந்த இடத்தில் படவே கூடாது. உரிமையாளர் இறந்த பிறகு வாரிசின் பெயருக்கு மாற்ற 31-ஆம் எண் படிவமும், காலாவதியான பதிவைப் புதுப்பிக்க 25-ஆம் எண் படிவமும் உள்ளன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம் என்பதால் தாமதத்திற்கான கட்டணமும் நிலுவையில் உள்ள பசுமை வரியும் கேட்பார்கள். பழைய மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட வண்டிகளில் பல, அலுவலகத்தின் கணினிப் பதிவில் ஏறாமல் பழைய பேரேட்டிலேயே இருக்கும். அதை ஏற்றச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். அதற்கு நாளாகும் என்பதால், வண்டி வேலையும் தாள் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

அடுத்து, கிக்கர். மெக்கானிக் இதை வைத்துத்தான் என்ஜினையே மாற்றச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கிக்கர் இறங்கவில்லை என்பதாலேயே என்ஜின் இறுகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கிறது. உங்கள் காலின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகச் சென்றுதான் என்ஜினைச் சுற்றுகிறது. ஆகவே வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்ச் லீவரை முழுவதும் பிடித்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இறங்கினால் கிக்கரும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் என்ஜினில் என்று பொருள். அப்போதும் இறங்காவிட்டால், கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், அல்லது கிக்கரின் பற்களே சிக்கியிருக்கலாம். உறுதிசெய்ய இன்னொரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசையுங்கள். பிஸ்டன் அசைந்தால் என்ஜின் பிழைத்துக்கொண்டது. குறை கிக்கரில் மட்டுமே. எந்த நிலையிலும் கிக்கரின் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். வளைந்த தண்டும் உடைந்த பல்லும் இல்லாத செலவை இழுத்துவிடும்.

பிஸ்டன் அசையவே இல்லை என்றாலும் கலங்க வேண்டாம். பெரும்பாலும் பிஸ்டனின் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே படர்ந்த மெல்லிய துருதான் காரணமாக இருக்கும். பிளக் துளை வழியே டீசலும் என்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்த கலவையை ஒரு சிறு கரண்டி அளவு ஊற்றி, துளையைத் துணியால் அடைத்து, சில நாட்கள் விட்டுவிடுங்கள். குறையக் குறைய மீண்டும் ஊற்றுங்கள். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நான்காவது கியரில் பின்சக்கரத்தை இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். மயிரிழை அளவு நகர்ந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்தி, மறுபடி ஊறவிடுங்கள். இந்த வேலையில் அவசரம் காட்டியவர்கள் வளையத்தை உடைத்திருக்கிறார்கள், சிலிண்டரில் கீறல் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒன்று ஆனாலும் அது வீணான காலம் அல்ல. அதற்குள் மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருக்கலாம்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் சுற்றத் தொடங்கிவிடாதீர்கள். ஹெட்டின் மேலுள்ள இரண்டு ராக்கர் மூடிகளையும் (வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளை மூடியிருப்பவை) கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி இரண்டு வால்வுகளும் முறையாக இறங்கி ஏறுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் ஒரு வால்வு திறந்த நிலையிலேயே துருப்பிடித்து நின்றுபோவது உண்டு. அதைக் கவனிக்காமல் கிக்கரை உதைத்தால் பிஸ்டன் வால்வில் முட்டும் அல்லது ராக்கரைத் தள்ளும் தண்டான புஷ்ராட் வளையும். நின்ற வால்வின் தண்டில் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறங்கி ஏறும்வரை காத்திருங்கள். வரவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். வால்வை இயக்கும் பாகங்களுக்கு இடையிலான டேப்பட் இடைவெளியையும் அப்போதே பார்த்துவிடலாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அழுத்தச் சுற்றில் பிஸ்டன் உச்சியில் நிற்கையில், புஷ்ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

இனி எண்ணெய். இந்தப் பழைய புல்லட்டில் எண்ணெய் கிராங்க்கேஸோடு சேர்ந்த ஓர் அறையில் தங்கி, பம்பின் மூலம் சுற்றி வருகிறது. வண்டி நெடுநாள் நின்றால் அந்த எண்ணெய் பம்பைக் கடந்து மெல்லக் கசிந்து, பிளைவீல் இருக்கும் பகுதியில் நிரம்பிவிடும். நீங்கள் பிளக் துளையில் ஊற்றிய கலவையில் ஒரு பங்கும் அங்கேதான் போயிருக்கும். ஆகையால் அடியிலுள்ள வடிகால் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி முழுவதும் வடியவிடுங்கள். வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். கரி நிறம் இயல்பானது. பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது. மினுமினுக்கும் உலோகத் துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும். வடிகட்டித் துணியை மாற்றி, 20டபிள்யூ-50 தரத்தில் ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். கியர்பாக்ஸ் தனி, அதற்கு கிரீஸும் எண்ணெயும் கலந்து போடுவது இந்த வண்டிகளில் வழக்கம். இறுகிப்போன பழைய கிரீஸை இயன்றவரை வெளியேற்றிவிட்டே புதியதைப் போடுங்கள்.

போல்ட், நட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் பல இடங்களில் பிரிட்டிஷ் அளவு மரைகள் (திருகுப் புரிகள்) இருக்கும். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் அதே தடிமனில் தெரியும், முதல் இரண்டு சுற்று போகவும் செய்யும். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினியத்தில் இருக்கும் மரை உரிந்து வந்துவிடும். விரலால் முழுவதும் சுற்ற முடியாத போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கவே இறுக்காதீர்கள். ஸ்குரூ ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, பொருத்தமான அளவில் ரிங் ஸ்பேனர்கள் வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுத்து, அதன் போல்ட்டுகளோடு தனித்தனிப் பையில் பெயர் எழுதி வையுங்கள்.

பெட்ரோல் டேங்கை நிதானமாகக் கையாளுங்கள், ஏனென்றால் வீட்டு வேலையில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடிய பாகம் அதுதான். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். ஓட்டை இருந்தால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கும் நீரால் நிரப்பிக் கழுவி ஆவியை நீக்கிய பிறகே தீயை அருகில் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். உள்ளே இருக்கும் துருவுக்கு, எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஓரிரவு வைத்துவிட்டாலே பெரும்பகுதி கழன்றுவிடும். பிடிவாதமான துரு என்றால் ஒரு கைப்பிடி சிறு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கலாம். போட்டதை எண்ணி வைத்துக்கொண்டு அத்தனையையும் வெளியே எடுத்துவிடுங்கள். அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, சிறிது பெட்ரோலும் எண்ணெயும் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். சுத்தமான இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை பூக்கத் தொடங்கிவிடும். அமிலம் வெளிப்புறப் பெயின்ட்டில் சிந்தாமல் டேங்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுச் செய்ய வேண்டும். அந்தப் பெயின்ட்டின் மதிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். அதைக் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்து, காற்றால் ஊதிச் சுத்தம்செய்யுங்கள். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும், அதன் பிறகு மைலேஜும் ஐட்லிங்கும் ஒருபோதும் சரிவராது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் குழாய், கார்புரேட்டரின் வாஷர்கள், பெட்ரோல் காக்கின் (டேங்கின் அடியிலுள்ள திறந்து மூடும் குமிழ்) கார்க் ஆகியவற்றைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகும், சில வாரங்கள் நிறுத்திவைப்பதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பற்றவைக்கும் பகுதியில் அதிக வேலை இருக்காது. பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்டின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, முழுவதும் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பாயின்ட்டோடு இணைந்த மின்தேக்கியான கண்டன்சரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். விலை குறைவு, பழையது நடுவழியில் கைவிடும். பிளக்கை ஹெட்டில் சாய்த்துவைத்து, நீலமான, தடித்த பொறி வருகிறதா என்று பார்க்கும்போது அருகில் திறந்த பெட்ரோல் பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது.

இப்போது முதல் முறையாக உதைக்கலாம். வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவந்து, ஒரு வாளி உலர்ந்த மணலையும் ஓர் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் இன்னும் சோதிக்கப்படாததால், சிறிதளவே பெட்ரோல் ஊற்றுங்கள். காலில் ஷூ கட்டாயம். இந்த என்ஜின் திருப்பி உதைத்தால் கணுக்கால் தாங்காது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், பாயின்ட் திறக்கும் இடத்தில் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் சிறிதே தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே வீச்சில் முழுமையாக உதையுங்கள். உங்கள் தந்தையார் உதைப்பதைப் பார்த்திருந்தால் இந்த வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். ராக்கர்களுக்குச் செல்லும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஒரு நிமிடத்திற்குள் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிட்டு பம்பைப் பார்க்க வேண்டும்.

சில நிமிடங்கள் ஓடவிட்டுக் கேட்டால், எதைப் பிரிக்க வேண்டும் என்று என்ஜினே சொல்லிவிடும். மேலிருந்து வரும் மெல்லிய டிக்டிக் ஒலி டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் வந்து, சூடேறியதும் குறையும் தட்டல் பிஸ்டன் தளர்ச்சியைக் காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டும் பல ஆண்டுகள் ஓட்டலாம். கீழிருந்து கனமாக, சுமை ஏறும்போது கூடிக்கொண்டே வரும் தட்டல், பெரிய முனையின் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) தேய்மானம். அந்த ஒலி கேட்டால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எண்ணெய் வடித்தபோது உலோகத் துகள் கண்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். நீலப் புகை முதல் அரை மணி நேரம் வருவது, உள்ளே ஊற்றிய கலவை எரிவதால் இருக்கலாம். அது ஓயவே இல்லையென்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் வீட்டிலேயே கழற்றி, வளையங்களைப் பாருங்கள். சிலிண்டரைத் தூக்கும் முன் கிராங்க்கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலைகள் இரண்டுதான்: சிலிண்டர் போரிங் (உட்சுவரைக் கடைந்து சற்றே அகலப்படுத்துவது), கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலை. போரிங் என்றால் ஓவர்சைஸ் பிஸ்டனை (வழக்கமானதைவிடச் சற்றுப் பெரியது) முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளியில் கடையச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பிக் கடையும் பட்டறைக்கு என் வண்டியை நான் கொடுக்க மாட்டேன். கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துக் கோர்த்து நேராக்குவது அனுபவமுள்ள கை செய்ய வேண்டியது. உங்கள் பகுதியில் பழைய புல்லட் கிராங்க் செய்பவர் யார் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். வால்வு தன் இருக்கையில் கச்சிதமாக அமரச் செய்யும் லேப்பிங்கை மட்டும் நீங்களே பேஸ்ட் வைத்துத் தேய்த்து முடித்துவிடலாம்.

வேறு வண்டியின் என்ஜினைப் பொருத்தும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றிவிட்டுப் பதிவைப் புதுப்பிக்கப் போனால், ஆய்வின்போதே எண் பொருந்தாமல் மாட்டிக்கொள்வீர்கள். அந்த வேறு என்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவுசெய்ய 2021-இல் விதிகள் வந்துள்ளன. சேசிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. உங்கள் வண்டி 2033-இல் அந்த வயதை எட்டும். அந்த வகையில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் நீங்கள் அதை விரும்பாமலும் போகலாம். ஆனாலும் அந்த வாய்ப்பை இன்றைக்கே ஒரு பழைய என்ஜினுக்காக அடைத்துவிட வேண்டாம். வலது காலால் மேலே ஒன்று, கீழே மூன்று என்று போடும் கியரும் அப்படியே இருக்கட்டும். இடது பக்கம் கொண்டுவர இணைப்புத் தண்டுகளைச் சேர்த்தால், கியர் விழும் உணர்வு மழுங்கிவிடும், பிரேக்கையும் இடம் மாற்ற வேண்டிவரும். ஒரு வாரம் ஓட்டினால் கால் பழகிக்கொள்ளும்.

என்ஜின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் வண்டியைத் தெருவுக்கு எடுத்துச் சென்றுவிடாதீர்கள். டயர்கள் எவ்வளவு பள்ளம் மிச்சம் வைத்திருந்தாலும், பதினோரு ஆண்டுகள் நின்ற ரப்பரை நம்ப முடியாது. டயர், டியூப், ரிம் நாடா மூன்றையும் மாற்றுங்கள். 3.25-19 அளவு எளிதில் கிடைக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும், கடையில் தேங்கியதை வாங்கிவிடாதீர்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஷூக்களை மாற்றுங்கள், ஏனெனில் நெடுநாள் நின்ற வண்டிகளில் லைனர் பசை விட்டு ஷூவிலிருந்து மொத்தமாகக் கழன்று, ஓட்டத்தில் சக்கரத்தையே பூட்டிவிடக் கூடும். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்கள் புதிதாகட்டும். சக்கரங்களின் பேரிங்குகளுக்கும் கைப்பிடித் தண்டின் குண்டுகளுக்கும் புதிய கிரீஸ் வையுங்கள்.

வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடிக்காமல், உறை வெடிக்காமல் இருந்தால் முழுவதும் மாற்றத் தேவையில்லை. பழைய வண்டியில் விளக்கு மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், எர்த் சேரும் இடங்களில் படிந்த துருவும் பெயின்ட்டும்தான். அவற்றைச் சுரண்டிச் சுத்தம்செய்தாலே வெளிச்சம் கூடும். பழைய பேட்டரியின் எந்த முனை சட்டத்தோடு இணைந்திருக்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, புதியதையும் அப்படியே இணையுங்கள். ஃபியூஸ் இல்லையென்றால் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அசலில் நான் தயங்காமல் செய்யச் சொல்லும் மாற்றம் அது ஒன்றுதான்.

கடைசியாகப் பெயின்ட். உங்கள் கடிதத்தில் இந்த இடம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. டேங்கில் இருக்கும் பொன்னிறக் கோடுகளை உற்றுப் பாருங்கள். திருவொற்றியூரில் அந்தக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். கோட்டின் தடிமன் ஓரிடத்தில் சற்று மெலிந்திருப்பதையும் வளைவில் சற்றுப் பருத்திருப்பதையும் நீங்களே காண முடியும். அதைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினால், 1983-இல் அந்தக் கோட்டை இழுத்த கையின் தடம் உங்கள் வண்டியிலிருந்து நிரந்தரமாகப் போய்விடும். அந்தக் காலத்து வண்டிகளின் டேங்கில் ‘என்ஃபீல்டு’ என்றே இருந்தது. ‘ராயல் என்ஃபீல்டு’ என்று புதிதாக எழுதித் தந்தால் அது உங்கள் தந்தையார் வாங்கிய வண்டியாக இருக்காது. முதலில் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள கீழ்ப்பகுதிகளை மட்டும் மண்ணெண்ணெயால் துடைத்து, மெழுகு பாலிஷ் போட்டுப் பாருங்கள். அழுக்குக்கு அடியில் எவ்வளவு பளபளப்பு மிச்சமிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். குரோமில் உள்ள புள்ளித் துருவை, நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மென்மையாகத் தேய்த்தாலே நீக்கிவிடலாம். சைலன்சர், மட்கார்டின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் இரும்பே அரித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் துரு நீக்கி, பிரைமரும் கருப்புப் பெயின்ட்டும் தொட்டுவிடுங்கள். முழுப் பெயின்ட் தவிர்க்க முடியாது என்றால் முறையான பூத் உள்ள கடையில் கொடுங்கள். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் நவீன பெயின்ட்டின் ஆவி மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. எது செய்தாலும் என்ஜின் எண், சேசிஸ் எண் உள்ள இடங்களை மறைத்து ஒட்டிய பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.

பதிவும் காப்பீடும் கைக்கு வந்த பிறகு, முதல் சில நாட்கள் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல், வீட்டைச் சுற்றிய சாலைகளிலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் சக்கர நட்டுகள், ஸ்போக்குகள், செயினின் தொய்வு, பெட்ரோல் குழாயின் இணைப்புகள் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். இருநூறு கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை மாற்றுங்கள். உள்ளே படிந்திருந்த பழைய கசடு கரைந்து வந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியிருந்தால், என்ஜின் முழுவதும் குளிர்ந்த ஒரு காலையில் அதன் நட்டுகளை மீண்டும் சீராக இறுக்கி, அதன் பிறகு டேப்பட்டைச் சரிபாருங்கள், ஏனெனில் ஹெட் இறுகியதும் அந்த இடைவெளியும் மாறிவிடும். ஐந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயையும் வடிகட்டியையும் மறுபடி மாற்றி, வடிந்ததை முன்போலவே வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். துகள்கள் குறைந்திருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். கூடியிருந்தால், அந்தத் துணியையும் என்ஜின் ஓடும் ஒலியின் பதிவையும் எடுத்துக்கொண்டு கிராங்க் பட்டறைக்காரரைப் பாருங்கள்.